அக்கா என்று அழைப்பது யார்?

மாமரம் பூத்துக் குயில் வாய் திறந்ததும் கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே குடும்பத்துப் பறவைகளைப் பற்றியவை. ஆகவே அரசியலும் சினிமாவும் அடுத்த இதழ்வரை பொறுக்கட்டும். பந்தி முழுக்கக் குயிலுக்கே.

கே: ஒரு பறவைப் புத்தகத்தில் 'அக்காக்குயில்' என்ற பெயரைப் பார்த்தேன். எங்கள் வளவு மாமரத்தில் விடியவிடியக் கூவுவது அதுதானா?
(வாசகி, ஏறாவூர்)

ப: உங்கள் மாமரத்தில் இருப்பது குயில். அக்காக்குயில் அதற்குச் சித்தப்பா பிள்ளை. சாம்பல் முதுகு, நெஞ்சில் செம்பழுப்பு, வாலில் பட்டை. தூரத்தில் பார்த்தால் வல்லூறு என்றே நினைப்பீர்கள். சின்னக் குருவிகளும் அப்படித்தான் நினைத்துப் பதறிப் பறக்கும். வாயைத் திறந்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரே கூவலைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏற்றி, இனி ஏற இடமில்லை என்னும் உச்சியில் சட்டென்று அறுத்துவிடும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்கும். நிலாக் காலத்தில் இரவிலும் இதே வேலைதான். அந்தக் கூவலைத் தமிழ்க் காது 'அக்கா, அக்கா' என்று கேட்டது. பெயரும் அதுவே ஆயிற்று.

கே: உண்மையிலேயே அது 'அக்கா' என்றுதான் சொல்கிறதா?
(மாணவன், தன்னாமுனை)

ப: மராட்டிய உழவரிடம் கேட்டால், 'விதை போடுங்கள்' என்று சொல்கிறது என்பார். மழைக்கு முன் அது கூவுவதால் 'பாவ்ஷா', அதாவது மழைப் பறவை என்றே அவர் பெயர் வைத்திருக்கிறார். இந்திக்காரர் காதில் அது 'பீ கஹான்', என் அன்பர் எங்கே என்ற கேள்வி. வங்காளத்தில் 'சோக் கேலோ', என் கண் போயிற்றே என்ற புலம்பல். இந்தியாவுக்கு வந்து வெயிலில் வெந்த வெள்ளைக்காரர் அதை 'பிரெயின் ஃபீவர்' என்று கேட்டு, மூளைக்காய்ச்சல் பறவை ஆக்கிவிட்டார். தொண்டை ஒன்று, காது ஐந்து. உழவருக்கு விதை, காதலருக்கு அன்பர், நோயாளிக்குக் காய்ச்சல். தமிழருக்கு உடன்பிறந்தவள். இந்த ஐந்தில் எது அழகு என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

கே: எங்கள் வீட்டில் அக்காவை 'ராத்தா' என்போம். அப்படியென்றால் அது எங்களுக்கு ராத்தாக் குயிலா?
(வாசகி, மீராவோடை)

ப: தாராளமாக. பறவையின் தொண்டையில் 'க'வும் இல்லை, 'த'வும் இல்லை. ஏறி இறங்கும் சீழ்க்கை மட்டும்தான் உண்டு. மெய்யெழுத்தைப் போடுவது நம் காது. 'அக்கா', 'ராத்தா' இரண்டிலும் ஒரு தட்டு, பிறகு ஒரு நீட்டு. இரண்டும் அந்தக் கூவலில் உட்காரும். அத்தோடு நம் மட்டக்களப்புப் பேச்சில் 'என்னகா', 'வாகா', 'இருகா' என்று வாய்க்கு வாய் 'கா' விழுகிறதே. 'கா' என்று முடிக்கும் பறவை நமக்கு அந்நியமாகப் படுமா?

கே: அக்காக்குயிலின் குரலை ஏறாவூரில் கேட்க முடியுமா?
(ஆசிரியர், ஏறாவூர்)

ப: ஊர் எல்லையில் ஒரு பஸ் ஏற வேண்டியிருக்கும். இலங்கையில் அக்காக்குயிலுக்கு இரண்டு கிளைகள். ஒன்று மலைநாட்டிலேயே குடியிருந்து இனம் பெருக்குவது. மற்றது இந்தியாவிலிருந்து மாரியோடு வந்து போகும் விருந்தாளி. விருந்தாளி பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பாட்டெல்லாம் தன் ஊரில், துணை தேடும் காலத்தில்தான். ஆகவே கேட்க வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும். பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக இறங்கிவரும் ஏ5 வீதி முடிவது உங்கள் பக்கத்துச் செங்கலடியில்தானே! அதே வீதியைத் திருப்பிப் பிடியுங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஊவா மலைக்காட்டு ஓரம் ஒரு விடியலில் நின்றால் அது உங்களை அழைக்கும்.

கே: ஏறாவூர்ப் பக்கம் குயில் குடும்பத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள்?
(கல்லூரி மாணவி, வந்தாறுமூலை)

ப: மாமரத்துக் குயில் முதலாவது. வேலியோரம் நடந்து திரியும் செண்பகம் இரண்டாவது. புதர்க்காட்டில் கறுப்பு வெள்ளை உடம்பும் தலையில் கொண்டையுமாக நிற்பது சுடலைக்குயில். கண்ணைச் சுற்றி நீலத்தோலும் பச்சை அலகும் நீண்ட வாலுமாகப் பற்றைக்குள் நழுவுவது பச்சைவாயன். மாரி காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கிப் போகும் சின்னக் குயில்களும் உண்டு. உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 150 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்குதான் பிறர் கூட்டில் முட்டையிடுபவை. 'குயில் என்றாலே கூடு கட்டாது' என்று குடும்பத்துக்கே பட்டம் கட்டுவது நியாயமில்லை.

கே: செண்பகமும் குயிலா? நம்ப முடியவில்லையே! அதன் குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் அல்லவா இருக்கிறது?
(வாசகர், சித்தாண்டி)

ப: குடும்பம் அதேதான், குணம் வேறு. செண்பகம் தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே தீனி ஊட்டும் பொறுப்பான பறவை. நத்தை, பல்லி, சின்னப் பாம்பு என்று நிலத்தில் நடந்தே வேட்டையாடும். 'கூப், கூப், கூப்' என்று அடிவயிற்றிலிருந்து வரும் குரலைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடினால், செங்கல் நிறச் சிறகோடு கிணற்றடியில் நிற்கும். தமிழ்நாட்டில் இதையே செம்போத்து என்பார்கள். அங்கே போய் 'எங்கள் வளவில் செண்பகம் இருக்கிறது' என்று சொன்னால் பூ மரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களும் நிறத்தைப் பார்த்தார்கள், நாமும் நிறத்தைப் பார்த்தோம். சிங்களவர் நடையையும் உருவத்தையும் பார்த்து 'அட்டி குக்குளா' என்று கோழிச் சாதியில் சேர்த்துவிட்டார்கள்.

கே: செண்பகக் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்குமாமே! ஆற்றில் போட்டால் எதிர்நீச்சல் போடுமாமே!
(வாசகர், செங்கலடி)

ப: இந்தக் கதை பாக்குநீரிணையின் இரு கரையிலும் உண்டு. குஞ்சின் காலைக் கட்டிவைத்தால் தாய் மூலிகை கொண்டுவந்து கட்டை அறுக்கும் என்றும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையால் எத்தனை கூடுகள் பிய்க்கப்பட்டன, எத்தனை குஞ்சுகள் கால் முறிந்தன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. கூட்டில் இருப்பது காய்ந்த புல்லும் குச்சியும் தென்னோலையும் தாயின் உழைப்பும்தான். கூட்டைத் தொடுவது சட்டப்படியும் தப்பு. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆற்றில் எதிர்நீச்சல் போட வேண்டியது வேர் அல்ல, இந்த மூடநம்பிக்கையை எதிர்க்கும் நம் பிள்ளைகள்.

கே: குயில் முட்டையைக் காகம் அடைகாக்கும் என்பதை நீங்கள் கண்ணால் கண்டதுண்டா?
(வாசகி, ஆறுமுகத்தான்குடியிருப்பு)

ப: முட்டையைக் கண்டதில்லை. ஊட்டுவதைக் கண்டிருக்கிறேன். வாவிக்கரையில் மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு. அதில் ஒரு காகக் கூடு. சுள்ளியோடு கம்பித்துண்டும், பச்சை நிற நைலோன் வலைக்கயிறும் சேர்த்துப் பின்னியது. மீனவர் வீசிய அறுந்த வலைதான் காகத்துக்குப் பஞ்சணை. கூட்டின் ஓரத்தில் ஒரு குஞ்சு நின்றது. கறுப்புத்தான், ஆனால் காகக் கறுப்பு இல்லை. வாயைப் பிளந்து சிறகை நடுக்கி நடுக்கிக் கேட்டது. தாய்க்காகம் கீரி மீனின் குடலைக் கொண்டுவந்து அந்த வாய்க்குள் அலகு மறையும்வரை செருகிற்று. பக்கத்துக் கிளையில் அதன் சொந்தக் குஞ்சு ஒன்று முறை வரும்வரை காத்து நின்றது. இரண்டையும் அது ஒரே மாதிரித்தான் பார்த்தது. அன்று மீன் வாங்க மறந்து வீட்டுக்குப் போனேன்.

கே: காகம் அவ்வளவு புத்திசாலி. பிறகு எப்படி ஏமாறுகிறது?
(மாணவன், மட்டக்களப்பு)

ப: ஆண்குயில் கூட்டருகே வந்து கூவும். காகம் ஆத்திரத்தோடு துரத்தும். அந்த இடைவெளியில் பெண்குயில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை சிறிது, ஆனால் நிறமும் புள்ளியும் கிட்டத்தட்ட ஒன்று. குயில் குஞ்சு ஏறத்தாழ 13 நாளில் வெளிவரும். காகக் குஞ்சுக்கு 16 நாளுக்கு மேல் வேண்டும். முந்தி வந்தவன் முதல் வாய்ச் சோறு உண்பான். பிறந்த குஞ்சின் கறுப்பு மிச்ச ஐயத்தையும் தீர்த்துவிடும். ஒன்றைக் கவனித்தீர்களா? நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் 'காக்கா' என்போம். கூடப் பிறக்காமல் கூட வளர்ந்த அந்தக் காகக்குஞ்சு, பிந்தி வெளிவந்தாலும், குயிலுக்குக் காக்காதான்.

கே: கூவுவது ஆணா, பெண்ணா? கவிஞர்கள் பெண் என்கிறார்களே!
(வாசகி, காத்தான்குடி)

ப: பாரதியாரின் குயில் பாட்டிலும் குயில் பெண்தான். இயற்கையிலோ அந்த நீண்ட 'கூ'வுக்குச் சொந்தக்காரர் ஆண். பளபளக்கும் கருநீலக் கறுப்பும் சிவந்த கண்ணும் அவருக்கு. பெண் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவள் 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்திக்கொண்டு மரம் விட்டு மரம் தாவுவாள். அந்தக் குரலையும் கேட்கப் பழகுங்கள். நம் வீட்டிலும் மெதுவாகப் பாடுபவரின் குரல் கவிதையாகிறது, ஓடியோடி வேலை செய்பவரின் குரல் காதில் விழுவதில்லை.

கே: குயில் என்ற பெயரும் அதன் சத்தத்தால் வந்ததா?
(தமிழ் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

ப: பழந்தமிழில் 'குயிலுதல்' என்றால் ஒலித்தல், இசைத்தல். இசைக்கருவி வாசிப்போருக்குக் 'குயிலுவர்' என்று பெயர். பறவையும் பாணரும் ஒரே சொல்லில் குடியிருந்திருக்கிறார்கள். வடமொழியில் கோகிலம், சிங்களத்தில் கொஹா, இலத்தீனில் குக்குலுஸ், எல்லாமே வாயைக் குவித்துச் சொல்ல வேண்டிய சொற்கள். குயிலைப் 'பரபுட்டம்' என்றும் சொல்வதுண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். அது ஆராய்ந்து வைத்த பெயர். குயில் என்பது கேட்டு வைத்த பெயர். ஆராய்ந்த பெயர் நிகண்டில் கிடக்கிறது, கேட்ட பெயர் மாமரத்தடியில் புழங்குகிறது.

கே: இங்கே சுவிஸிலும் வசந்தத்தில் குயில் கூவுகிறது. ஆனால் ஊர்க்குயிலைக் கேட்டதுபோல் மனம் நிறையவில்லை. வயதானதாலா?
(ஏறாவூரிலிருந்து போனவர், சூரிச்)

ப: வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை, உங்கள் காது சரியாகவே இருக்கிறது. அங்கே கூவுவது வேறு இனம். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரலில் திரும்பி வருவது. அதன் 'குக்-கூ' இரண்டு சுரம், இரண்டாவது கீழே இறங்கும். நம் குயிலின் 'கூ-ஊ' மேலே ஏறும், ஏறிக்கொண்டே போகும். இறங்கும் குரலைக் கேட்டுப் பழகியவர் அதை மணிக்கூட்டுக்குள் வைத்து மணி அடிக்கவிட்டார். ஏறும் குரலைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது போதாதுதான். அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு வாருங்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே நாளில் கொண்டாடும் அந்த நாளைக் கொஹா கூவித்தான் அறிவிக்கிறது என்பது சிங்கள வழக்கு.

கே: சுபஹ் பாங்குக்கு முந்தியே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. துரத்த வழி உண்டா?
(வாசகர், ஓட்டமாவடி)

ப: சிங்கப்பூரிலும் இதே முறைப்பாடுதான். காகங்கள் பெருகியதால் 1980களில் குயில்களும் அங்கே குடியேறின. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் விடியலில் கண்ணைக் கசக்குகிறார்கள். விடியலில் காற்று அடங்கியிருக்கும், வாகனச் சத்தம் இராது, குரல் தூரம் போகும். துணை தேடுபவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஓரிரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லுமுன் எழுப்பிவிடுகிறது என்றால் நல்லதைத்தானே செய்கிறது!

கே: பறவைகளின் கதைகளில் ஏன் இவ்வளவு துக்கம்?
(வாசகி, வாழைச்சேனை)

ப: இரண்டு கதை சொல்கிறேன். இமயமலை அடிவாரத்துக் குமாவூனில் ஒரு தாய் 'காபல்' பழம் பறித்து வந்து மகளைக் காவலுக்கு வைத்தாள். வெயிலில் பழம் சுருங்கிக் கூடை குறைந்தது. மகள் தின்றுவிட்டாள் என்று அடித்தாள், பிள்ளை இறந்தது. மாலையில் மழை வந்து பழங்கள் ஊதிக் கூடை நிறைந்தது. 'காபல் பழுத்தது, நான் சுவைக்கவில்லை' என்று இன்றும் ஒரு குயில் அங்கே கூவுகிறதாம். இனி இலங்கை. ஒரு சிங்களத் தாய் இலுப்பைப் பூவைக் காயப்போட்டு மகனைக் காவல் வைத்தாள். காய்ந்த பூ மண்ணோடு ஒட்டிக் கண்ணில் படவில்லை. அடித்தாள், மகன் இறந்தான். மழை பெய்தது, பூ மலர்ந்து தெரிந்தது. பூ கிடைத்தது, மகன் கிடைக்கவில்லை என்று அவள் புறாவாகி அழுகிறாள். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு துணைக்கண்டம் கிடக்கிறது. ஆனாலும் அவசரப்பட்டு அடித்த கைக்கு எங்கும் ஒரே கதை. திருப்பித் திருப்பி ஒலிக்கும் குரலைக் கேட்டால், திருப்பிப் பெற முடியாததுதான் மனிதருக்கு நினைவில் வருகிறது.

கே: அக்கா என்று அழைக்கும் பறவை என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் ராத்தா இல்லாமல் 30 வருடத்துக்கு மேலாகிறது. இது பலவீனமா?
(பெயர் வேண்டாம், ஏறாவூர்)

ப: இல்லை, மகள். மக்கள் படுகொலை செய்யப்பட்ட 1990 ஆகஸ்ட் 11 இரவை ஏறாவூர் மறக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 5ஐ வந்தாறுமூலையும், செப்டம்பர் 9ஐச் சத்துருக்கொண்டானும் மறக்கவில்லை. அக்கா என்றும் ராத்தா என்றும் கூப்பிட்டுப் பதில் வராத வீடுகள் இந்த வாவியின் இரு பக்கமும் இருக்கின்றன. துணை தேடும் கூவல் அது என்று அறிவியல் சொல்வது சரி. அதைக் கேட்டு உங்கள் கண் நிறைவதும் சரி. ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடத் தேவையில்லை. ராத்தாவின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

கே: நம் மக்கள் எதைக் கேட்டாலும் ஒரு கதை கட்டிவிடுகிறார்களே!
(வாசகர், வந்தாறுமூலை)

ப: உங்கள் ஊர்ப் பெயரையே 'வந்து ஆறிய மூலை' என்று பிரித்து, களைத்து வந்த படையை அங்கே இளைப்பாற வைத்திருக்கிறது ஊர்க்கதை. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறது என்று சொன்னவர்கள் நம் முன்னோர். அதனால்தான் இது மீன்பாடும் தேனாடு. மீனுக்கே காது கொடுத்தவர்கள் குயிலைச் சும்மா விடுவார்களா?

கே: பறவைகளின் ஊர்ப்பெயர்களை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?
(நூலகர், மட்டக்களப்பு)

ப: சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1860களில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதியபோது தமிழ்ப் பெயர்களையும் கேட்டுக் குறித்தார். இலங்கையில் படை அதிகாரியாக இருந்த லெக் 1880இல் முடித்த பெரிய நூலில் சிங்கள, தமிழ்ப் பெயர்களைச் சேர்த்தார். தமிழ்நாட்டில் பேராசிரியர் க. ரத்னம் ஊர் ஊராகப் புழங்கும் பெயர்களைத் திரட்டித் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்று நூலாக்கினார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நம் ஆச்சியிடமும் உம்மம்மாவிடமும் கேட்டு எழுதினார். நாம் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை.

கே: காகக் கூட்டில் வளரும் குயிலுக்குக் கூவ யார் கற்றுக் கொடுக்கிறார்கள்?
(ஐந்தாம் ஆண்டு மாணவி, ஏறாவூர்)

ப: இந்த இதழின் மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது. பதில்: யாருமே இல்லை. வாரக்கணக்கில் 'கா கா' என்று கேட்டு, காகம் ஊட்டிய உணவைத் தின்று வளர்ந்த குஞ்சு, பெரிதானதும் 'கூ' என்றுதான் கூவும். அந்தக் கூவல் முட்டைக்குள்ளேயே எழுதி அனுப்பப்பட்டது. குயில் தன் பாட்டை மறக்க முடியாது. ஆனால் 'குயில்', 'செண்பகம்', 'அக்காக்குயில்' என்ற பெயர்கள் எந்த முட்டைக்குள்ளும் இல்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனால்தான் அவை உயிரோடு இருக்கும். இரண்டு தலைமுறை சொல்லாமல் விட்டால் போதும், பறவை மரத்திலேயே இருக்கும், பெயர் போய்விடும்.

கே: அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும்?
(அதே மாணவி, அடுத்த கடிதத்தில்)

ப: ஒரு கொப்பியை எடுங்கள். நாளை விடியலில் உம்மம்மாவோடு வாசலில் உட்காருங்கள். முதலில் கூவுவது எது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அது கூவினால் என்ன சொல்கிறது என்று அவருடைய உம்மா சொல்லிக் கொடுத்தார் என்றும் கேளுங்கள். கொப்பி நிறைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த முறை பதில் உங்களுடையது, கேள்வி என்னுடையது.